போனிலும் களை அறிந்து எடுப்போம்

"அண்ணே, காலையில நூறு ஏத்திட்டுத் தோட்டத்துக்குப் போறேன். மத்தியானம் சோத்துக்கு உட்காரும்போது முப்பதுதான் நிக்குது. போன் வேற ஆமை மாதிரி நகருது. பின்னாடி ஓடுற ஆப்பையெல்லாம் எப்படி நிறுத்துறது?"

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் உழவர்கள் கூடும் இடங்களில், பஞ்சகவ்யம், மீன் அமிலம் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். கூடலூரில் திராட்சை வைத்திருப்பவரும் கேட்கிறார், சின்னமனூரில் வாழை போட்டிருப்பவரும் கேட்கிறார், போடி மலையில் ஏலக்காய் பார்ப்பவரும் கேட்கிறார். தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே பாடமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. பெரியாறு அணையில் தண்ணீர் திறக்கும் தகவல், போடிநாயக்கனூர் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் போன விலை, நம்மிடம் நேரடியாக அரிசியும் காய்கறியும் வாங்கும் குடும்பங்களின் ஆர்டர், மழை, இடி, மின்னல் எச்சரிக்கை எல்லாம் இந்த ஒரு கருவிக்குள் வந்துவிட்டன. மத்தியானமே போன் செத்துப்போனால், வேண்டிய நேரத்தில் வேண்டிய சேதி வராது. சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லா ஆப்பையும் நிறுத்தி வைத்தாலும் அதே கதிதான். போன் உயிரோடு இருக்கும், சேதி மட்டும் வராது.

ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். எது தின்கிறது என்று கணக்குப் பார்த்து அதை மட்டும் அடக்குங்கள். காவல் காக்கும் ஆப்பைத் தொடாதீர்கள்.

களமும் குதிரும்

'மெமரி' என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று ரேம், இன்னொன்று ஸ்டோரேஜ். ஸ்டோரேஜ் குதிர் மாதிரி. போட்டோ, வீடியோ, ஆப் எல்லாம் அதில் அடைந்து கிடக்கும், போனை அணைத்தாலும் அங்கேயே இருக்கும். ரேம் களம் மாதிரி. அடிக்கிற கதிரை மட்டும் களத்தில் பரப்புவோம், வேலை முடிந்தால் அள்ளிவிடுவோம். போனை அணைத்தால் ரேம் காலியாகிவிடும்.

போன் ஆமையாக நகர்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது குதிரைத்தான். பல பேருக்கு அது வாய் வரை நிரம்பியிருக்கும். முப்பது குரூப்பில் இருந்து வந்த காலை வணக்கப் படங்கள், ஒரே வீடியோ ஐந்து முறை. குதிர் நிரம்பி வழிந்தால் போன் புதிதாக ஒன்றை எழுத இடம் தேடித் திணறும். அதற்கு ரேமைக் காலி செய்து பயனில்லை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அங்கேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதில் பெரிய வீடியோக்களைப் பார்த்து அழிக்கலாம். நிலப் பட்டா, சிட்டா, வங்கிக் காகிதம் போன்ற படங்களை முதலில் பிரித்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளித் தள்ளி மூடுவதால் லாபமா?

சதுரப் பொத்தானை அமுக்கினால் சமீபத்தில் திறந்த ஆப்கள் வரிசையாக வரும். அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவது பலருக்குப் பழக்கம். மூடினால் சார்ஜ் மிச்சம் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. அந்த வரிசையில் நிற்பவை எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை இல்லை. பெரும்பாலானவை விட்ட இடத்தில் அசையாமல் கிடப்பவை. ரேமில் இடம் பிடித்திருக்கும், ஆனால் வேலை செய்யாது. இடம் பற்றாக்குறை வந்தால் எது தேவையில்லையோ அதை ஆண்ட்ராய்டு தானே வெளியேற்றிவிடும்.

நாம் மூடிவிட்டு மறுபடி திறந்தால், அந்த ஆப்பை முதலில் இருந்து களத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் கூடுதல் சார்ஜ். ஒரு நாளைக்கு நாற்பது முறை வாட்ஸ்அப்பைத் திறப்பவர் நாற்பது முறை மூடினால் நட்டம்தான். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த கூகுள் அதிகாரி ஹிரோஷி லாக்ஹைமர் 2016-லேயே இதைப் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார்: இப்படி மூடுவது பேட்டரிக்கு உதவாது, சற்றுக் கெடுக்கவும் கூடும்.

இயற்கை விவசாயிக்கு இது புரிவது சுலபம். வெறும் மண்தான் சுத்தமான மண் என்று நாம் நினைப்பதில்லை. மூடாக்குப் போட்ட மண்தான் ஈரம் காக்கும். ரேம் நிறைந்திருப்பது நோய் இல்லை.

ஒரு ஆப் உறைந்து நின்றுவிட்டது, அல்லது போன் கொதிக்கிறது என்றால் மட்டும் அந்த ஒன்றை மூடுங்கள்.

களைக்கொல்லி ஆப்கள்

'ரேம் கிளீனர்', 'பேட்டரி சேவர்', 'பூஸ்டர்' என்ற பெயர்களில் ஆப்கள் கிடைக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் ராக்கெட் பறக்கும், இத்தனை எம்.பி. சுத்தம் என்று காட்டும். இதை நான் களைக்கொல்லி என்றுதான் சொல்வேன். நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் சாய்க்கும். சாய்ந்தவை சிறிது நேரத்தில் மறுபடி எழும், மறுபடி அடிக்கச் சொல்லும். அந்த ஆப்பும் பின்னாடி ஓட வேண்டும், விளம்பரமும் காட்ட வேண்டும். அந்தச் செலவும் நம் பேட்டரியில்தான். 2020 ஜூன் 29 அன்று தகவல் பாதுகாப்புக் காரணம் காட்டி இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் கிளீன் மாஸ்டர், டியூ பேட்டரி சேவர் ஆகியவையும் இருந்தன. இந்த வகை எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள். போனுக்குள்ளேயே இருக்கும் வசதி போதும்.

முதல் வேலை: கணக்குப் பார்ப்பது

வயலில் எந்தப் பூச்சி என்று தெரியாமல் கரைசல் அடிக்க மாட்டோம் இல்லையா? இங்கேயும் அப்படித்தான்.

ஒரு நாள் இரவு போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். மறுநாள் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். சாயங்காலம் 'செட்டிங்ஸ்', அதில் 'பேட்டரி', அதில் 'பேட்டரி யூசேஜ்' போங்கள். எந்த ஆப் எத்தனை சதவீதம் தின்றது என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றையும் தொட்டால் திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகப் பல போன்களில் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், இடம் இதுதான்.

இரண்டு மணி நேரம் யூடியூப் பார்த்து அது முதலிடத்தில் இருந்தால் அது திருட்டு இல்லை, நாம் கொடுத்த கூலி. நீங்கள் ஐந்து நிமிடம்கூடத் திறக்காத கடை ஆப் பின்னணியில் மூன்று மணி நேரம் ஓடியிருந்தால் அதுதான் களை.

மூன்றாகப் பிரியுங்கள்

காவல்: நாம் திறக்காவிட்டாலும் நம்மைக் கூப்பிட வேண்டியவை. மின்னல் எச்சரிக்கைக்கான தாமினி, அலாரம், வாட்ஸ்அப், போன் அழைப்பு. தாமினி புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் தெரிவிக்கும்.

வேலை: நாம் திறக்கும்போது மட்டும் ஓடினால் போதுமானவை. 2018-இல் வந்த தமிழ்நாடு அரசின் உழவன் செயலி, வானிலையோடு வேளாண் ஆலோசனையும் தரும் மேகதூத், வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப். இவற்றை அப்படியே 'ஆப்டிமைஸ்டு' நிலையில் விடலாம்.

களை: கடன் தருகிறேன் என்பவை, விளையாட்டு, எப்போதோ ஒரு முறை வாங்கிய கடை ஆப், பேரன் ஏற்றிவிட்டுப் போன ஆப்.

களையை அடக்கும் முறை

தேவையே இல்லை என்றால் வேரோடு பிடுங்குங்கள். அதாவது 'அன்இன்ஸ்டால்'. கம்பெனியே போட்டு அனுப்பி, நீக்க முடியாமல் இருந்தால் 'டிஸேபிள்' செய்யலாம். பெயர் தெரியாத சிஸ்டம் ஆப்களில் கை வைக்க வேண்டாம். குறிப்பாக 'கூகுள் பிளே சர்வீசஸ்' பட்டியலில் மேலே வந்தாலும் அதைத் தொடாதீர்கள். பல ஆப்களுக்கு வரும் சேதியை வாங்கி உள்ளே கொடுக்கும் வாசல்காரர் அதுதான்.

வேண்டும், ஆனால் பின்னாடி ஓட வேண்டாம் என்றால், ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' திறங்கள். அதில் 'பேட்டரி' தொட்டால் 'அன்ரெஸ்ட்ரிக்டட்', 'ஆப்டிமைஸ்டு', 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மூன்று வரும். களைக்கு 'ரெஸ்ட்ரிக்டட்'. புதிய போன்களில் 'அலோ பேக்ரவுண்ட் யூசேஜ்' என்று ஒரே சுவிட்ச் இருக்கும், அதை அணைத்தால் அதே பலன். அங்கேயே 'மொபைல் டேட்டா' பகுதியில் பின்னணி டேட்டாவையும் அணைக்கலாம். இருப்பிட அனுமதியை 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். சும்மா சும்மா ஜி.பி.எஸ். தேடுவதும் சார்ஜைக் குடிக்கும்.

'ஃபோர்ஸ் ஸ்டாப்' என்ற பொத்தானும் அங்கே இருக்கும். இது தற்காலிக வைத்தியம். இதை அமுக்கினால் நீங்கள் மறுபடி கையால் திறக்கும் வரை அந்த ஆப்புக்கு எந்தச் சேதியும் வராது. காவல் ஆப்பில் இதை ஒருபோதும் அமுக்காதீர்கள்.

'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறந்து பின்னணி ஆப் எண்ணிக்கையைக் குறைக்கும் வித்தையை யூடியூபில் காட்டுகிறார்கள். அது காவலையும் சேர்த்து விரட்டும். நமக்கு வேண்டாம்.

காவலைக் காப்பாற்றும் முறை

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆண்ட்ராய்டே ஒரு சிக்கன வீட்டுக்காரர். 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பில் இருந்து, போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் எல்லாவற்றையும் உறங்க வைக்கும். 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பில் இருந்து, நாம் அடிக்கடி திறக்கும் ஆப்புக்கு அதிகப் பங்கு, திறக்காததற்குக் குறைந்த பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. புதிய போன்களில் சில மாதம் ஒரு ஆப்பைத் தொடவில்லை என்றால், கொடுத்த அனுமதியையே திரும்ப எடுத்துக்கொண்டு அதை முடக்கிவிடும்.

கடை ஆப்புக்கு இது நல்லது. ஆனால் மின்னல் ஆப்பை யார் தினமும் திறக்கிறார்கள்? ஐப்பசி மழையில் ஏற்றி வைத்தது, தை மாசியில் தொடாமல் கிடக்கும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் சாயங்காலம் மேற்கே கருக்கும்போது அது முடங்கிப் போயிருக்கலாம். போனில் ஆப் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் தென்னைக்கு அடியில் நிற்போம்.

அதனால் காவல் ஆப் ஒவ்வொன்றுக்கும் இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. 'ஆப் இன்ஃபோ', 'பேட்டரி' போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள்.
2. 'நோட்டிஃபிகேஷன்' அனுமதி கொடுத்திருக்கிறதா பாருங்கள்.
3. தாமினிக்கு இருப்பிட அனுமதி கொடுங்கள். 'எப்போதும்' என்ற வாய்ப்பு வந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.
4. 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்டு' என்ற சுவிட்ச் இருந்தால் அணையுங்கள்.
5. ரெட்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' அல்லது 'ஆட்டோ லான்ச்' அனுமதி தனியாக இருக்கும். அதைக் கொடுங்கள். சாம்சங்கில் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் அது சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் வாரம் ஒரு முறையாவது அந்த ஆப்பைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். 'எக்ஸ்ட்ரீம்', 'அல்ட்ரா' என்று வரும் கடும் சிக்கன நிலையை மழை நாளில் போடாதீர்கள். அதில் நாம் தேர்ந்தெடுத்த சில ஆப்கள் தவிர மற்றவை நின்றுவிடும்.

என்னதான் ஆப் இருந்தாலும் அது துணைக்குத்தான். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஆப் சொல்லவில்லையே என்று நிற்கக்கூடாது.

ஆப் மேல் பழி, குற்றவாளி வேறு

எல்லாம் செய்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது சிக்னல். மேகமலை, குரங்கணி, அகமலை போன்ற மலைப்பகுதிகளில் டவர் கிடைக்காத இடங்கள் உண்டு. சிக்னல் மெலிந்தால் போன் அதிக சக்தி போட்டுக் கத்தும், கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். லோயர் கேம்ப் பக்கம் கேரள டவரும் நம் டவரும் மாறி மாறிப் பிடித்தாலும் இதே கதை. அறவே சிக்னல் இல்லாத இடத்தில் 'ஏர்பிளேன் மோட்' போட்டுவிட்டு, மேடான இடத்துக்கு வரும்போது எடுங்கள். இரண்டு சிம் இருந்து ஒன்றுக்கு அங்கே டவர் இல்லை என்றால் அந்த சிம்மை மட்டும் அணையுங்கள். 5ஜி விட்டு விட்டு வந்தால் 4ஜி-க்கு மாற்றி வையுங்கள்.

இரண்டாவது திரை. உச்சி வெயிலில் வெளிச்சம் முழுதாக ஏறும். அதற்கு ஆகும் செலவு பெரிது. நிழலில் நின்று பாருங்கள், திரை அணையும் நேரத்தை முப்பது விநாடிக்குக் குறையுங்கள்.

மூன்றாவது சூடு. வெயிலில் வண்டி டேங்க் கவரிலும், மோட்டார் ரூம் தகரத்தின் மேலும் போனை வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு எமன். வெந்த பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும்.

இன்றே செய்து பாருங்கள்

மாற்றங்களைச் செய்து முடித்ததும் ஒரு சோதனை. போனைத் திரை அணைத்து ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை வாட்ஸ்அப்பில் ஒரு சேதி போடச் சொல்லுங்கள். உடனே மணி அடித்தால் காவல் விழித்திருக்கிறது. அடிக்கவில்லை என்றால் மேலே சொன்ன ஐந்தையும் மறுபடி சரிபாருங்கள்.

மூன்று நாள் கழித்து பேட்டரி கணக்கை மறுபடி எடுத்து, முதல் நாள் கணக்கோடு ஒப்பிடுங்கள். தோட்டக் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனையும் வாங்கி ஒரு பத்து நிமிடம் பார்த்துக் கொடுங்கள். வயதான அய்யா, அம்மா போன்களில்தான் களை மண்டிக் கிடக்கும். அவர்கள்தான் மழை வருவதற்கு முன் ஆட்டைப் பிடிக்க வெட்டவெளியில் நிற்பவர்களும்.