ஹீமோபிலியா உள்ள வீட்டுக்கு

மூட்டில் குறுகுறுப்போ கதகதப்போ தெரிந்தால் வீங்கும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் புரதம்) ஊசி போட வேண்டும். தாமதம்தான் முழங்காலை முடக்குகிறது. வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது. தசையில் போடும் ஊசியையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பேரணாம்பட்டில் தோல் வேலைக்குப் போகிறவர் கத்தி பிடிக்காத வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரத்தவியல் பிரிவில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுங்கள். நரம்பில் தானே ஊசி ஏற்றப் பழகிய ஒரு அண்ணன் தரும் தைரியம் பெரிது. 1983இல் தொடங்கிய இந்திய ஹீமோபிலியா ஃபெடரேஷனின் கிளைகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அம்மாக்கள் அங்கே கட்டாயம் போக வேண்டும். ‘என்னால்தான் பிள்ளைக்கு இப்படி’ என்று எத்தனை பேர் தனியே அழுகிறார்கள்! ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே இந்நோய் வருகிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, ஹீமோபிலியா உள்ளவர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.