ஒரே நாள்தான் சென்னையிலா? அக்கா சொல்றதைக் கேளு!

காலையில் ரயிலை விட்டு இறங்கி, இரவு ரயிலுக்கே திரும்பணுமா தங்கச்சி? அப்படியானால் சென்னை முழுவதையும் பார்த்துவிட நினைக்காதே. வண்டலூர் ஒரு மூலை, மகாபலிபுரம் ஒரு மூலை என்று ஓடினால் பாதி நாள் சிக்னலிலேயே போய்விடும். நான் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தை நடுவில் வைத்துக்கொள். வடக்கே மயிலாப்பூர், கிழக்கே கடல், ஆற்றைத் தாண்டினால் அடையாறு, மேற்கே தி.நகர். எல்லாம் ஆட்டோவில் போகிற தூரம்தான்.

இன்னொன்றையும் மனதில் வை. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். உச்சி வெயிலில் கடற்கரையில் நிற்க முடியாது. இந்த இரண்டையும் பார்த்துத்தான் நாளைப் பிரிக்கணும்.

1. விடிந்ததும் கபாலி கோயில்

கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி, அதற்கடுத்து திருமயிலை. ஏழு மணிக்குள் கோயிலில் இரு. கல் தரை சுடாது, கூட்டமும் குறைவு. கடலோரத்தில் இருந்த பழைய கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்த பிறகு, இந்த இடத்தில் கட்டியது இப்போதைய கோயில். சுமார் 120 அடி உயர ராஜகோபுரம் 1906-ல் எழுந்தது. கபாலீஸ்வரர் மேற்கு பார்த்தும், கற்பகாம்பாள் தெற்கு பார்த்தும் இருப்பார்கள். புன்னை மரத்தடியையும் பூம்பாவை சந்நிதியையும் விட்டுவிடாதே. பிரதோஷ மாலையில் கூட்டம் நெரியும். குழந்தையோடு வந்தால் அந்த நேரம் வேண்டாம்.

2. டிபன், பிறகு இரண்டு சர்ச்

மாட வீதியை ஒரு சுற்று நடந்தால் காய்கறி, பூ, பூஜைச் சாமான் எல்லாம் பார்த்துவிடலாம். பசித்தால் ராயர் மெஸ். சின்ன இடம், சனி ஞாயிறில் காத்திருக்கணும். அவசரமென்றால் பக்கத்தில் எந்த ஹோட்டலிலும் பொங்கல், வடை, ஃபில்டர் காபி நன்றாகவே இருக்கும்.

லஸ் சர்ச் 1516-லேயே கட்டியது. இந்தப் பக்கத்து ஆட்கள் காட்டுக்கோயில் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு கச்சேரி ரோட்டைப் பிடித்து நேரே போனால் சாந்தோம். புனித தோமாவின் கல்லறை இருப்பதாக நம்பி வணங்கும் இடம். இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1896-ல் ஆனது. பிரார்த்தனை நடக்கும்போது போட்டோ எடுக்காதே.

3. மதியம்: ஒன்றே ஒன்று

பதினொரு மணிக்கு மேல் வெயிலில் அலையாதே. எழும்பூர் மியூசியம், தி.நகர் இரண்டில் ஒன்றை மட்டும் எடு.

எனக்கு மியூசியம்தான் முதல். 1851-ல் தொடங்கியது. நேரம் குறைவென்றால் வேறெங்கும் நிற்காமல் வெண்கலச் சிலைகள் பகுதிக்குப் போ. திருவாலங்காட்டு நடராஜரைப் பார்க்க மட்டுமே ஒரு தடவை வரலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாபகம் வைத்துக்கொள்.

கல்யாணப் புடவை எடுக்கணும் என்றால் தி.நகர். வாரநாள் மதியமாகப் போ, கடைக்குள் ஏ.சி. இருக்கும், ரங்கநாதன் தெருவில் கால் வைக்கவும் இடம் இருக்கும். மாலையில் போனால் அங்கேயே மாட்டிக்கொள்வாய்.

4. நாலரைக்கு மேல் கடல்

பெசன்ட் நகர் பீச்சுக்குப் போ. 1930-ல் ஒருவரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு வளைவு மணலில் நிற்கிறது. அதைப் பார்த்தாலே புரியும்: இந்தக் கடலில் கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. அலை உள்ளே இழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதே. பக்கத்திலேயே அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி சர்ச்சும் இருக்கின்றன. இது கிழக்குக் கடல், சூரியன் உனக்குப் பின்னால்தான் மறையும். பௌர்ணமி நாளாக அமைந்தால் நிலா கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம்.

5. போக்குவரத்தும் பையும்

* சாதாரண கட்டண மாநகரப் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. முகப்பில் பிங்க் நிறம் அடித்த பஸ்ஸைப் பார்த்து ஏறு.
* ஆட்டோவுக்கு ஆப் வைத்துக்கொள். ரோட்டில் பிடித்தால் ஏறுமுன் பேசி முடி.
* லஸ், மந்தைவெளி, அடையாறு பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதைகளை மாற்றிவிடுவார்கள். எங்கே போனாலும் அரைமணி கூடுதலாகப் போட்டுக்கொள்.
* பருத்தி உடை, தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை. கழற்றி மாட்ட எளிதான செருப்பு.

6. எந்த மாதம்?

மார்கழிக்கு ஈடில்லை. வெயில் தணிந்திருக்கும், வாசலெல்லாம் கோலம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டாம். மதிய இடைவேளையை அங்கேயே கழித்து, கேன்டீனில் சாப்பிட்டுவிடலாம். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். வானிலை பார்த்து டிக்கெட் போடு. மே மாதத்தை விட்டுவிடு.

கடைசியாக ஒன்று. ரயில் ஒன்பது மணிக்கென்றால் ஏழு மணிக்கே பீச்சை விட்டுக் கிளம்பு. எழும்பூரா, சென்ட்ரலா, தாம்பரமா என்று டிக்கெட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறு.