பவுன் காசுக்கு எடை மட்டும்தான் விலையா?

நம் திருவண்ணாமலையில் எந்த நகைக் கடையில் ஏறி "பவுன் என்ன விலை?" என்று கேட்டாலும் 8 கிராமுக்கான விலையைத்தான் சொல்வார்கள். பவுன், சவரன் என்ற இரண்டு சொல்லுமே வெள்ளைக்காரன் காசிலிருந்து வந்தவை. அந்த சாவரின் காசின் உண்மையான எடை 7.988 கிராம். அதில் 12-ல் 11 பங்கு தங்கம், மீதி செம்பு. அதாவது 22 காரட். சுத்தத் தங்கம் மட்டும் 7.322 கிராம். நாம் வாய்க்கு எளிதாக 8 என்று முழுசாக்கிக்கொண்டோம்.

காசை நகையாக எடை போட்டு விற்பதா, காசாகவே வைத்திருப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் போன வருஷம் அக்கா கல்யாணத்தின்போது வந்தது. ஆயாவிடம் நாலு ராஜா தலைக் காசும், அப்பா ஒரு வங்கியில் வாங்கிய 8 கிராம் லட்சுமி காசும் இருந்தன. "எல்லாத்தையும் உருக்கி ஒரு ஆரமா அடிச்சிடலாம்" என்றார் மாமா. "கொஞ்சம் பொறுங்க மாமா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு வாரம் தவணை வாங்கினேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் அளந்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் லட்சுமி காசு. அட்டையில் சீல் வைத்து, 999 சுத்தம் என்று அச்சடித்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வருஷம் கிடையாது, ரூபாய் மதிப்பு கிடையாது, எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. சரியாகச் சொன்னால் அது காசே இல்லை, பதக்கம். 2015 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அசோகச் சக்கரம் போட்ட இந்தியத் தங்கக் காசும் கொடுத்துச் சில்லறை வாங்கக்கூடிய நாணயம் அல்ல. வேண்டும் என்கிற அளவுக்கு அடித்துக்கொண்டே போகிற பொருளைச் சேகரிப்பவர் எதற்காக அதிக விலைக்குக் கேட்கப்போகிறார்?

இதில் கணக்கும் உதைக்கிறது. தங்கத்தின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிகூலி 5 ரூபாய், அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. கையில் வாங்கும்போது 108 ரூபாய் 15 காசு. திருப்பி விற்கும்போது கடைக்காரர் 2 ரூபாய் கழித்தால் கிடைப்பது 98. தங்கம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட காசு கைக்கு வரும். அப்பா வாங்கிய வங்கியில் "நாங்க விக்கிறதோட சரி, திருப்பி வாங்குறதில்ல" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் புதுக் காசு எதற்குமே தனி மதிப்பு இல்லையா? இருக்கிறது, ஆனால் அபூர்வம். 1967-ல் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட குரூகர்ராண்ட், ஒரு அவுன்ஸ் தங்கத்தை அதன் விலையை ஒட்டியே விற்பதற்காக அடித்த காசு. அதை அப்படித்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஆனால் சாவரினின் 500-ஆம் ஆண்டுக்காக 1989-ல் இங்கிலாந்து அடித்த காசு வேறு ரகம். ராணி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வடிவம் அந்த ஒரு வருஷம் மட்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில், பளபளப்பு மெருகோடு வந்தது. இன்றும் தங்க விலைக்கு மேலேயே போகிறது. இத்தனைக்கும் அதிலுள்ள தங்கம் ஆயாவின் காசில் இருக்கிற அதே 7.322 கிராம்தான்.

பழசாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சியது என்பதுதான் முக்கியம். 1917-ல் லண்டனில் 10 லட்சத்துக்கு மேல் சாவரின் அடித்தும், பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டதால் இன்று அது அபூர்வம். (அதனாலேயே போலியும் நிறைய!) அமெரிக்காவின் 1933-ஆம் வருஷத்து 20 டாலர் காசு 4 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டு, ஏறக்குறைய மொத்தமும் உருக்கப்பட்டது. தப்பித்த ஒன்று 2021-ல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதிலிருக்கும் தங்கம் ஒரு அவுன்ஸ்கூட முழுசாக இல்லை!

இனி ஆயாவின் காசுகள். வெர்னியர் காலிப்பரில் குறுக்களவு பார்த்தேன், 22.05 மி.மீ. வர வேண்டும். பிறகு நம் முதலாண்டு பிசிக்ஸ் கைகொடுத்தது. 22 காரட் செம்புக் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 17.6. காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டால் 0.45 கிராம் குறைய வேண்டும். பித்தளை என்றால் இதன் இரண்டு மடங்கு குறையும். 0.01 கிராம் காட்டும் தராசு அவசியம், காய்கறிக் கடைத் தராசு உதவாது. ஒரு எச்சரிக்கை: டங்ஸ்டனின் அடர்த்தி சுத்தத் தங்கத்தை ஒட்டியே இருப்பதால், 24 காரட் கட்டியை இந்த முறையில் மட்டும் நம்பிவிட முடியாது.

நாலில் மூன்று காசுகளுக்குத் தலையில் வளையம் பற்றவைத்திருந்தார்கள், காசு மாலையிலிருந்து பிரித்தவை. எடை போட்டால் 8-க்கு மேல் காட்டியது, வளையமும் பொடியும் சேர்ந்து. பற்றவைத்த காசைச் சேகரிப்பவர்கள் காசாகப் பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் எத்தனை நல்ல காசு இப்படித் தாலிக் கொடியில் ஏறி வெறும் எடையாகிப் போயிருக்கும்! ஆயாவிடம் சொன்னால், "கழுத்துல போடாத காசு எதுக்குடா?" என்றார். அதுவும் நியாயம்தானே.

நாலாவது காசு வளையம் இல்லாதது. ஐந்தாம் ஜார்ஜ் தலை, பின்னால் குதிரை வீரன், வருஷம் 1918. குதிரையின் காலடி நிலத்தில், வருஷத்துக்குச் சற்று மேலே, லென்ஸில் பார்த்தால் "ஐ" என்ற சின்ன ஆங்கில எழுத்து. இந்தியாவில் அடித்தது என்று அதற்குப் பொருள். முதல் உலகப்போர் சமயத்தில் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளை திறந்து சுமார் 13 லட்சம் சாவரின் அடித்தது. எல்லாவற்றிலும் 1918 என்றே போட்டார்கள். அதற்கப்புறம் 2013-ல்தான் ஹரியானாவில் எம்.எம்.டி.சி.-பாம்ப் நிறுவனம் மறுபடி அதே எழுத்தோடு அடிக்க ஆரம்பித்தது. 13 லட்சம் என்பதால் இது லட்சாதிபதி ஆக்கும் காசு அல்ல. தேய்மானம் குறைவாக இருந்தால் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். 100 வருஷம் தாண்டிவிட்டதால் 1972-ஆம் வருஷச் சட்டப்படி அது தொல்பொருள். வெளிநாட்டில் விலை கூட என்று யாராவது ஆசை காட்டினாலும் அனுப்ப வழியில்லை.

நம் மாவட்டத்திலேயே ஜவ்வாதுமலை கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியில் 2025 நவம்பரில் 103 தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றை எந்தப் பத்தரும் கிராம் கணக்கில் விலை பேசமாட்டார், வரலாறு அவற்றின் மேல் ஏறிவிட்டது.

மாமாவிடம் முடிவைச் சொன்னேன். வளையக் காசு மூன்றும் லட்சுமி காசும் ஆரத்துக்குப் போகட்டும், எடைதான் அவற்றின் விலை. 1918 மட்டும் நிற்கட்டும் என்றேன். "அதையும் போட்டா ஆரம் நிறைவா இருக்குமேடா" என்று முணுமுணுத்தார். பத்தர்தான் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி சொல்றது சரிங்க, இதை உருக்க எனக்கே மனசு வரல" என்றார். மேலும் அவர் சொன்னது: பூந்திக்கொட்டை, புளி, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்காதே, ஓரத்தைப் பிடித்து எடு, தனிக் காகிதத்தில் மடித்து வை. இப்போது அது ஆயாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.