யாருடைய ஆள்?

அன்புள்ள அம்மிணிக்கு,

காவல்துறை அத்துமீறல் என்றதும் பலருக்கு லாக்கப்பில் விழும் அடி மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஒரு வட்டாரத்தில் சேர்ந்து வாழும் பல பிரிவு மக்களின் உறவை ஆராய்பவர்கள் அச்சொல்லை அதைவிட அகன்ற பொருளில் கையாள்கின்றனர். அடிப்பதும் பொய் வழக்குப் போடுவதும் மட்டுமன்றி, கொண்டுவந்த புகாரை வாங்க மறுப்பது, வாங்கிய புகாரைப் பதியாமல் இரு தரப்பையும் பெஞ்சில் உட்காரவைத்துச் சமரசம் பேசி அனுப்புவது, புகார் கொடுத்தவர் மீதே எதிர்ப்புகார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அவரைப் பணியவைப்பது ஆகியவையும் அதனுள் அடங்கும். அடிபட்டவர் உடலில் தழும்பாவது இருக்கும். எழுதப்படாத புகாருக்கு எந்தத் தடயமும் இருக்காது என்பதால், வரலாறு எழுதுபவருக்குக் கடினமானது இந்த இரண்டாம் வகைதான்.

திருப்பூர் வந்தவர்களால் ஆன ஊர். சுற்றுப்புறக் கொங்குக் கிராமங்களிலிருந்து முதலில் வந்தவர்களும், பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்களும், கடந்த இருபது ஆண்டுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் ஒரே பனியன் கம்பெனியில் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் எனப் பிரிந்து வேலை செய்கின்றனர். மேலைநாட்டு நூல்கள் இன உறவு என்று பேசுவதை இங்கே நிறத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. சாதி, சொந்த ஊர், தாய்மொழி, ஓரளவுக்கு மதம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. காவல் நிலையத்தின் வாசலில் இந்த நான்கும் ‘யாருடைய ஆள்?’ என்னும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகின்றன. வார்டு உறுப்பினரோ, கம்பெனி முதலாளியோ, சாதிச் சங்கத்துப் பெரியவரோ ஒரு போன் போட்டுச் சொல்லக்கூடிய ஆளா, அல்லது சொல்ல எவரும் இல்லாத ஆளா என்பதைப் பொறுத்து, அதே சட்டம் அதே நாற்காலியிலிருந்து இரண்டு குரலில் பேசுகிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதே இக்கடிதத்தின் பொருள்.

அதன் வேர் சென்னை மாகாணத்தின் வரி வசூலில் இருக்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் தன் அறிக்கையை அளித்தபோது, கோயமுத்தூர் ஜில்லாவும் உட்பட்டிருந்த அம்மாகாணத்தில் நிலவரி தண்டும் சேவகனும் குற்றவாளியைப் பிடிக்கும் சேவகனும் ஒரே ஆளாக இருந்தனர். அவ்வறிக்கை விவரிக்கும் கருவிகளில் ஒன்று கிட்டி: இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே விரல்களைக் கொடுத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள்: கயிற்றாலோ துணியாலோ கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்திவைப்பது. இவை கொலைகாரர்களுக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. அற்பத் தொகை வரி பாக்கி வைத்த குடியானவர்கள் மீதும் பயன்படுத்தப்பட்டன. ஆனால் அறிக்கையில் இன்றைக்கும் கூர்மையாக இருக்கும் பகுதி கருவிகளைப் பற்றியதன்று, புகார் செய்வதில் இருந்த இடர்களைப் பற்றியது. அடிபட்டவர் நெடுந்தூரம் நடந்து ஜில்லா கலெக்டரிடம் போய்ச் சேர்ந்தாலும், அந்த மனு விசாரணைக்காகத் திரும்பி வந்து சேர்ந்த இடம் பல நேரங்களில் அடித்தவனுக்கு மேலே இருந்த தாசில்தாரின் கச்சேரியாகவே இருந்தது. இந்த அறிக்கைக்குப் பின் வருவாயையும் காவலையும் பிரிக்க இயற்றப்பட்ட 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம், மாவட்டக் காவல் சட்டம் என்னும் பெயரில் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு இன்றுவரை அடித்தளமாக இருக்கிறது. வேலைகள் பிரிந்தன, மனு திரும்பிச் செல்லும் வழி மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

இரண்டாவது வேர் பட்டியல் எழுதும் பழக்கம். வட இந்தியாவுக்காக 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. செய்த குற்றத்தால் அன்றிப் பிறந்த சாதியால் ஒருவரைக் குற்றவாளியாகக் கருதி, ரேகை பதித்து, இரவில் ஆஜர் கொடுக்கச் செய்த அச்சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணம் 1947இல் அச்சட்டத்தை ரத்து செய்த பிறகும், அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. எங்கோ நகை களவு போனால் குறவர் குடியிருப்பை நோக்கி ஜீப் கிளம்பும் பழக்கம் அந்தப் பழைய பதிவேட்டின் நிழல் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

திருப்பூருக்கென்று தனிக் கணக்கும் உண்டு. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரி 10 அன்று கொடியேந்தி ஊர்வலம் போனபோது மண்டையில் லத்தியடி பட்டு மறுநாள் இறந்தார் என்பது பள்ளிப் பாடத்தில் உள்ள செய்தி. அவர் பெயர் தாங்கிய சாலைதான் இன்று ஊரின் பிரதான சாலை; அதில் லத்தியோடு நிற்கும் காவலரும் அதைக் கடக்கும் பொதுமக்களும் அதை ஒரு முகவரியாக மட்டுமே அறிவர். வெள்ளையர் ஆட்சி போனதும் லத்தியின் இயல்பு மாறிவிட்டது என்று எண்ணுவோருக்கு அருகிலுள்ள பெருமாநல்லூர் ஒரு மறுமொழி. மின் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது 1970 ஜூன் 19 அன்று அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். அவர்களுக்கு ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி செலுத்தப்படுகிறது. இறந்தவர்கள் நிலமுள்ள, வட்டாரத்தில் எண்ணிக்கையும் செல்வாக்கும் உள்ள பிரிவினர் என்பதால் அந்த நினைவுக்குத் தூணும் மேடையும் கிடைத்தன. ஆதரவில்லாதவர்கள் பட்ட அடிக்கு அவை கிடைப்பது அரிது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய கொடுமையில் 269 பேர் மீது வழக்கு நடந்து, உயிரோடு இருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது 2023 செப்டம்பர் 29 ஆகியிருந்தது. மூன்று துறைகளுக்கு எதிராக மலைவாழ் மக்கள் வென்ற அரிய வழக்கு அது; அதற்கே 31 ஆண்டுகள் ஆயின.

காவல்துறையே ஒரு தரப்பாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூர் போதும். 1997 நவம்பர் 29 அன்று ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தனர். சீருடை அணிந்தவர்கள் நடுநிலையைக் கைவிட்டனர் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த தொடர் குண்டுகளில் 58 பேர் இறந்தனர். முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது. ஆயினும் நீதி கேட்கப் போகும் இடம் பகைவரின் இடம் என்று ஒரு சமூகம் நம்பத் தொடங்கினால் யார் கை ஓங்கும் என்பதை அந்த இரண்டரை மாதங்கள் காட்டின.

சாதி விஷயத்தில் அத்துமீறல் பெரும்பாலும் தயக்கமாகவே வெளிப்படுகிறது. அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பிரிவைச் சேர்ந்த சத்துணவுச் சமையலரை அரசுப் பள்ளியில் சமைக்கவிடாமல் 2018 ஜூலையில் ஆதிக்கச் சாதியினர் தடுத்தபோது, நிர்வாகம் முதலில் செய்தது அவரை வேறு பள்ளிக்கு மாற்றியதே. எதிர்ப்பு வலுத்த பின்னரே மாற்றல் ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவானது. ‘ஊர் அமைதி’ என்ற சொல் இத்தகைய நேரங்களில் எப்போதும் பலமுள்ளவர் பக்கம் நின்று பேசும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட அடுத்த மாதமே, வேறொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுத்து மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. சாதாரண காவல் நிலையமே அந்த வேலையைச் செய்திருந்தால் தனிப் பிரிவுக்குத் தேவையே எழுந்திராது.

இந்தத் தயக்கத்துக்கு லண்டனின் புறநகர் வரலாறு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. எல்தம் பகுதியில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் கொல்லப்பட்ட வழக்கைக் காவலர்கள் கையாண்ட விதத்தை ஆராய்ந்த மேக்ஃபர்சன் அறிக்கை, 1999இல் அதை நிறுவனத்தில் ஊறிய இனப் பாகுபாடு என்று அடையாளம் கண்டது. ஒவ்வொரு காவலரும் வெறுப்போடு நடக்கத் தேவையில்லை. பழக்கம், அசட்டை, முன்கூட்டிய எண்ணம் ஆகியவை சேர்ந்தே ஒரு பிரிவினருக்கு மட்டமான சேவை கிடைக்கச் செய்யும் என்பது அதன் கருத்து. நீண்ட நேரப் பணியிலும் மேலதிகாரியின் ஏச்சிலும் உழலும் கடைநிலைக் காவலர்களில் பலர் நல்லவர்களாக இருந்தும், ‘யாருடைய ஆள்’ என்ற கேள்வி ஏன் சாகவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

பல்லடம் வட்டாரத்துச் சாமளாபுரம் இந்த நிறுவனப் பழக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதால் கடைகள் ஊருக்குள் இடம்பெயர முயன்றபோது, 2017 ஏப்ரல் 11 அன்று மறியல் செய்த பெண்களில் ஒருவரை உயர் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்தார். கைபேசியில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அதன் பிறகும் அந்த அதிகாரி பதவி உயர்ந்து, 2019இல் கோவை மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தபோது பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியிட்டார். அதற்காக அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கேமரா அடியைக் காட்டும். அடித்தவரின் பணிப் பதிவேட்டை அது தொடாது.

வடமாநிலத் தொழிலாளருக்கு வரும்போது மேற்சொன்ன வேர்கள் இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. சென்னை வேளச்சேரியில் 2012 பிப்ரவரி 23 அன்று, வங்கிக் கொள்ளையர் எனக் கூறப்பட்ட ஐவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வெளிமாநில வாடகைதாரரின் விவரம் திரட்டும் வேலை காவல் நிலையங்களில் சூடுபிடித்தது. புலம்பெயர்ந்தோரைப் பதிவு செய்வது தன்னளவில் தவறன்று. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979இலேயே, ஒப்பந்தக்காரர்கள் அவர்களின் விவரங்களை அரசுக்குத் தருவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கூலி பாக்கியும் விபத்து இழப்பீடும் கேட்க உதவும் வகையில் தொழிலாளர் துறையில் இருக்க வேண்டிய தாள், சந்தேகத்தின் பேரில் ஸ்டேஷனில் இருக்கும்போது, பெயர்கள் அதேயானாலும் ரேகைச் சட்டத்தின் சாயல் அதன்மேல் படிந்துவிடுகிறது.

2023ஆம் ஆண்டு திருப்பூருக்குச் சோதனையாக அமைந்தது. ஜனவரியில் தேநீர்க்கடையில் சிகரெட் புகை விட்டதில் எழுந்ததாகச் சொல்லப்பட்ட தகராறின் காட்சி, தமிழரை வடவர் துரத்துகின்றனர் என்று பரவியது. மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்கள் கொல்லப்படுகின்றனர் என்ற பொய்க் காணொளிகள் எதிர்த்திசையில் பரவின. ஹோலிக்கு ஊர் போகவிருந்தவர்களோடு அஞ்சியவர்களும் சேர்ந்து ரயில் நிலையத்தை நிறைத்தனர். அப்போது காவல்துறை நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது: இந்தியில் அறிவிப்பு வெளியிட்டது, உதவி எண் கொடுத்தது, கம்பெனிகளுக்கே சென்று பேசியது, வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டது, பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழுவுக்கு விளக்கமும் அளித்தது. அந்த மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் ‘யாருடைய ஆள்’ என்பதற்கு விடை தெளிவாக இருந்ததையும் கவனிக்க வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் நின்றுவிடும் என்ற கவலையில் தொழில்துறை முழுவதும் அவர்களுக்காகப் பேசியது. தனியொரு தொழிலாளி தன் கூலிக்காக ஏறும் ஸ்டேஷன் படி வேறு.

அந்தப் படியில் சட்டம் சொல்வது இது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். நடைமுறையில் ரைட்டர் எனப்படும் நிலைய எழுத்தர் முதலில் கிழித்துத் தருவது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. எண்ணும் தேதியும் முத்திரையும் உள்ள அச்சிறு தாள், மனு வந்தது என்பதற்கு மட்டுமே சான்று; வழக்குப் பதிவானது என்பதற்கன்று. இவ்விரண்டின் வேறுபாடு தெரியாமல் ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கடமைகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியது.

வாயால் சொன்ன புகாரை எழுத்தாக்கி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அக்கடமைகளில் ஒன்று. பொதுவான குற்றவியல் நடைமுறையும் எல்லாப் புகார்களுக்கும் இதையே விதிக்கிறது. தமிழ் எழுத்துத் தெரியாத ஓர் ஒடியாப் பெண் செக்கிங் பிரிவில் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வரும்போது, ரைட்டர் எழுதியதை அவளுக்கு ஒடியாவில் வாசித்துக் காட்டுபவர் யார், அவளைக் கூட்டிவந்த காண்ட்ராக்டரே அந்த வேலையைச் செய்கிறாரா என்பதை அங்கு நிற்க நேரும் எவரும் கவனிக்கலாம்.

அன்புடன்.