சோம்பல் ரத்தத்தில் இருக்கிறதா?

அன்புள்ள இளங்கோவுக்கு,

அறைத்தோழன் விடிகாலையில் மைதானத்துக்கு ஓடுகிறான், உன்னால் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை என்று எழுதியிருந்தாய். "நம்ம குடும்ப ரத்தத்திலேயே சோம்பல் இருக்கு அத்தை" என்ற வரி மனத்தை உறுத்தியது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உண்மையான பாதி. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான். ஏழு நாடுகளில் 37,000 ஜோடி இரட்டையர்களை இப்படி ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் சிலர் உடற்பயிற்சி செய்வதும் சிலர் செய்யாததுமான வேறுபாட்டில், பெரும்பாலான நாடுகளில் பாதியோ அதற்கு மேலோ மரபணுக்களின் பங்கு என்று அது கண்டது. அமெரிக்காவில் தியடோர் கார்லண்ட் 1993 முதல், சக்கரத்தில் அதிகம் ஓடும் எலிகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யவைத்தார். தலைமுறைகள் செல்லச் செல்ல அவை சாதாரண எலிகளைவிட இரண்டு, மூன்று மடங்கு ஓடின. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் செயல்பாட்டிலும் அவை மாறியிருந்தன. உன் நண்பனுக்கு ஓட்டம் தரும் இன்பம் உனக்குக் கிடைக்காமல் இருக்கலாம். அதற்காக நீ கூனிக்குறுக வேண்டியதே இல்லை.

ஆனால் அந்தச் சதவீதத்தை உன் நெற்றியில் ஒட்டிக்கொள்ளாதே. அது ஒரு கூட்டத்தினரிடையே உள்ள வேறுபாட்டைச் சொல்வது. தனி ஒருவரின் கணக்கு ஆகாது. அதே ஆய்வில் நார்வே ஆண்களிடம் மரபணுவின் பங்கு 27 சதவீதம்தான். வாழும் சூழல் மாறினால் அந்த எண்ணே மாறிவிடும்.

பின்லாந்தில் ஒரே கரு இரட்டையரான இளைஞர்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் தொடர்ந்து பயிற்சி செய்தார், மற்றவர் சில ஆண்டுகளாகக் குறைத்துவிட்டார். மரபணு ஒன்றாக இருந்தும், பயிற்சி செய்தவர் உடம்பில் கொழுப்பு குறைவு; சர்க்கரையைக் கையாளும் திறனும் மேல். தாத்தாவுக்கும் உன் அப்பாவுக்கும் சர்க்கரை நோய் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வழி வந்த உனக்கு உடம்பை அசைப்பது மற்றவர்களைவிட அவசியம்.

விடிகாலை ஓட்டம்தான் பயிற்சி என்று யார் சொன்னது? 1999-இல் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாக உணவு கொடுத்தார்கள். சிலருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை. சிலருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. நிற்பது, நடப்பது, உட்கார்ந்த இடத்தில் அசைவது என்று அன்றாட அசைவு கூடியவர்களுக்கே குறைவாக ஏறியது. ஆகவே வகுப்புக்கு நடந்து போ, லிப்டை விடு, போன் பேசும்போது எழுந்து உலாவு.

மாலையில் ஷட்டில் ஆட ஆள் தேடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, போய்ச் சேர்ந்துகொள். கூட ஆடுகிறவர்கள் காத்திருந்தால் மனம் வராத நாளிலும் கால் போகும். ஒரு மாதம் ஆடிப் பார். பிடிக்காவிட்டால் சைக்கிள், நீச்சல் என்று வேறொன்றைத் தேடு. உன் சுபாவத்துக்குப் பொருந்துவது கிடைக்கும்வரை தேடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

அன்புடன்,
அத்தை