அடுத்தடுத்து வந்த இரண்டு ரிஜெக்ட்

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னியாக இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் பைத்தான் படிக்கிறேன். கடைந்த ஷாஃப்ட்டுகளின் விட்ட அளவை வரிசையாக ஒரு லிஸ்ட்டில் போட்டேன்: 20.01, 20.03, 20.06, 20.07, 20.00. ஃபார் லூப்புக்குள் இஃப் வைத்து, 20.05 மில்லிமீட்டரைத் தாண்டியதை ரிமூவ் செய்தேன். 20.06 போய்விட்டது, 20.07 அப்படியே இருக்கிறது. எர்ரரும் வரவில்லை. எங்கே தப்பு சார்?
வாசகர், ஒரகடம்

பதில்: தம்பி, உங்கள் இஃப் சரிதான். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எடுக்கிறீர்கள், தப்பு அங்கேதான்.

லைன் ஓரத்தில் சாய்வான ரோலர் ரேக் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருக்கும் பெட்டியை எடுத்ததும் அடுத்தது தானாகச் சரிந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். லிஸ்ட்டும் அப்படித்தான். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், 20.06 இருப்பது 2-ஆம் இடம். அதை எடுத்தவுடன் 20.07 அந்த 2-க்குச் சரிகிறது. 2-ஐ முடித்துவிட்ட லூப் 3-க்குப் போகிறது. அங்கே இப்போது 20.00. ஆக, 20.07-ஐ யாரும் பார்க்கவே இல்லை. டிக்‌ஷனரியில் இப்படிச் செய்திருந்தால் பைத்தான் எர்ரர் காட்டி நின்றிருக்கும். லிஸ்ட்டில் சத்தமே இருக்காது.

சரிசெய்வது எளிது. காலியாக இரண்டு லிஸ்ட் வையுங்கள், ஓகே ஒன்று, ரிஜெக்ட் ஒன்று. லூப் பழைய லிஸ்ட்டைப் படிக்க மட்டும் செய்யட்டும். ஒவ்வொரு அளவையும் உரிய லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்யுங்கள். ரிஜெக்ட்டில் போடும்போது எனுமரேட் தரும் வரிசை எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

வரிசை எண்ணை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. உங்கள் அளவுகளை மறுபடி பாருங்கள்: 01, 03, 06, 07 என்று ஏறி, சட்டென்று 00. டூல் தேயத் தேய ஷாஃப்ட்டின் வெளிவிட்டம் இப்படித்தான் பெருக்கும்; இன்செர்ட் மாற்றியதும் இறங்கும். தேய்மானத்தால் வரும் ரிஜெக்ட் பெரும்பாலும் அடுத்தடுத்துத்தான் வரும்; வரிசை எண் இருந்தால்தான் அது கண்ணில் படும். உங்கள் புரோகிராம் கோட்டை விடுவதும் சரியாக அங்கேதான். அதனால் எடுத்த அளவை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

20.06, 20.07, 20.08 என்று மூன்றை ஒட்டிவைத்துப் பழைய புரோகிராமை ஓட்டுங்கள், நடுவில் உள்ளது தப்பித்து நிற்கும். புதியதில் மூன்றும் ரிஜெக்ட் லிஸ்ட்டில் இருக்க வேண்டும்.