பொரிசோள யந்திரத்தைத் தெரிந்தெடுத்தல்: ஐந்தருவிக் கடைக்கும் சிறிய சினிமாக் கொட்டகைக்கும்

தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலாக இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில், குற்றாலத்தை அடுத்த ஐந்தருவியில் ஜனங்கள் திரளாகக் கூடுவது வழக்கம். குளிர்ந்த நீரில் குளித்து ஈரத்துடன் திரும்புகிறவர் சூடான தின்பண்டத்தையே முதலில் நாடுவர். இக்காரணம் பற்றி, முன்னர் வறுகடலையும் பஜ்ஜியும் மாத்திரம் விற்று வந்த சிறு வியாபாரிகள் பலர் இப்பொழுது பாப்கார்ன் என்று வழங்கும் மக்காச்சோளப் பொரியையும் விற்க விரும்புகின்றனர். ஆனால் சீசன் என்பது இரண்டு மூன்று மாதங்களே. அதற்குள்ளும் வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை விதிக்கப்படும் நாட்களில் வியாபாரம் இல்லை. சாரல் பொய்க்கும் வருஷங்களும் உண்டு. ஆகையால், கடன் வாங்கி யந்திரம் வாங்குகிறவர், மிகுந்த மாதங்களில் தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஒரு சிறிய சினிமாக் கொட்டகையில் அதை வைத்து நடத்த இடமுண்டா என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு இடங்களுக்கும் ஏற்ற யந்திரத்தைத் தெரிந்தெடுக்கும் விதமே இங்கு கூறப்படுகிறது.

யந்திரத்தைப் பற்றிப் பேசுமுன் தானியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளைந்து கோழித் தீவனத்துக்குச் செல்லும் மக்காச்சோளத்தை எவ்வளவு விலையுயர்ந்த யந்திரத்தில் இட்டாலும் அது பூவாக மலராது. பொரிசோளம் தனி ரகம். அதன் மணி சிறியது, தோல் இறுகியது, உள்ளிருக்கும் மாவு பெரும்பாலும் கண்ணாடி போன்று கடினமானது. மணியினுள் அடங்கிய ஈரம் ஏறக்குறைய 180 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நீராவியாக மாறி வெளியேற வழியின்றி அழுத்தவே, தோல் கிழிந்து மாவு நுரைபோல் விரிகிறது. மணியில் நூற்றுக்குப் பதின்மூன்றரை முதல் பதினான்கு பங்கு ஈரம் இருப்பது உத்தமம். அதற்குக் குறைந்தால் மணிகள் வெடியாமல் அடியில் தங்கும். அதிகமானால் பொரி சிறுத்துச் சவுக்கென்றிருக்கும். தோலில் கீறல் விழுந்த மணியும் ஆவியை விட்டுவிடும்.

ஆகவே மூட்டை வாங்கியவுடன் நூறு மணிகளை எண்ணிப் பொரித்துப் பார்த்து, வெடியாதவற்றைக் குறித்துக்கொள்வது நலம். காய்ந்துபோன சரக்காயிருந்தால், ஒரு கிலோவுக்குப் பதினைந்து முதல் இருபது மில்லிலிட்டர் தண்ணீர் தெளித்து, மூடி இறுகிய பாத்திரத்தில் இட்டு, தினம் பலமுறை குலுக்கி, மூன்று நாள் வைத்திருந்து மறுபடி பரீட்சிக்கலாம். யந்திரம் சரியில்லை என்று எழும் புகார்களிற் பல உண்மையில் மூட்டையின் வாயைத் திறந்து போட்டதால் வந்தவையே.

எண்ணெயில் பொரித்து நகர்த்திக் கொண்டுபோகத்தக்க யந்திரத்தை அமெரிக்காவில் சிகாகோ நகரத்துச் சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர் 1885-ல் அமைத்தார். அது நீராவியால் இயங்கியது. அந்நாட்டுக் கொட்டகைக்காரர் பலர் தரை அசுத்தமாகுமென்று பொரியை வெகுகாலம் உள்ளே விடவில்லை. 1930-க்குப் பின் வந்த பணமுடையில்தான், டிக்கெட்டைவிடப் பொரியே கைகொடுக்கும் என்று கண்டுகொண்டனர்.

இக்காலத்தில் கடைகளில் கிடைக்கும் யந்திரங்கள், சட்டியில் ஒரு முறைக்கு இடும் சோளத்தின் அளவைக்கொண்டு 4, 8, 16 அவுன்ஸ் என்று சொல்லப்படுகின்றன. பெரியது வாங்கினால் லாபமும் பெரிதாகும் என்று எண்ணுவது தவறு. எட்டு அவுன்ஸ் என்பது சுமார் 225 கிராம். கிராம் ஒன்றுக்கு 35 மில்லிலிட்டர் பொரி என்று கொண்டால், ஒரு ஈட்டுக்கு ஏழரை முதல் எட்டு லிட்டர் கிடைக்கும். ஒரு லிட்டர் கொள்ளும் காகிதப் பொட்டலம் ஏழு கட்டலாம். இருநூறு இருக்கைகள் கொண்ட கொட்டகை நிறைந்திருந்து நாலில் ஒருவர் வாங்கினால் ஐம்பது பொட்டலம் வேண்டும். அதாவது ஏழு அல்லது எட்டு ஈடு. ஈடு ஒன்றுக்கு நான்கு நிமிஷமானால் அரை மணி நேரம். இடைவேளை கால் மணியே ஆனாலும், அதற்குக் கால் மணி முன்னதாக அடுப்பை மூட்டிவிட்டால் எட்டு அவுன்ஸ் யந்திரமே போதும். பதினாறு அவுன்ஸ் யந்திரம் வைத்திருப்பவர், நாற்பது பேர் வந்த செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஒரே ஈட்டில் பாதியை வீணாக்குவார். சோளத்தைப் பாதியாகக் குறைத்து இட்டாலும் அகன்ற சட்டியில் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிக் கருகும்.

ஐந்தருவியிலோ இடைவேளை என்பதில்லை. காலை முதல் மாலை வரை சிறுகச் சிறுக வாங்குவர். அங்கு பகை வேறு. அருவித் துளியும் சாரலும் நிறைந்த காற்றில் பொரி சீக்கிரம் நமுத்துப்போகும். நமுத்த பொரியை ஒருமுறை வாங்கியவர் அக்கடைக்கு மறுபடி வருவதில்லை. எனவே சிறு ஈடாக அடிக்கடி பொரிப்பதும், பொரி விழும் தட்டின் அடியில் இளஞ்சூடு நிற்பதும், கண்ணாடிக் கதவு நன்றாக மூடுவதும் இவ்விடத்துக்கு இன்றியமையாதவை. தட்டில் துளைகள் இருந்தால் வெடியாத மணிகள் கீழே இறங்கிவிடும். பல்லை உடைத்துக்கொண்டவருடன் வாதாட நேராது.

மின்சாரமா, வாயுவா என்பது இடத்தைப் பொறுத்தது. எட்டு அவுன்ஸ் மின்சார யந்திரம் 1,300 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகும். விளக்குக்கான சிறிய பிளக்கில் அதை மாட்டுவது அபாயம்; பெரிய பிளக்கும், ஈரத்தரையானபடியால் தவறாத எர்த் கம்பியும் வேண்டும். கொட்டகைக்கு இதுவே சிறந்தது. மின் இணைப்பு நிச்சயமில்லாத தற்காலிகக் கடையில் வாயு அடுப்பு உதவும். ஆனால் வீட்டு உபயோகச் சிலிண்டரை வியாபாரத்துக்கு வைத்தல் சட்ட விரோதம் என்பதையும், காற்று மறைப்பு இல்லாவிடில் சுடர் அணையும் என்பதையும் மறக்கலாகாது. எண்ணெயில்லாமல் சூடான காற்றால் பொரிக்கும் யந்திரமும் உண்டு. அதில் உப்பும் மசாலாவும் ஒட்டாதாகையால் விற்பனைக்கு அவ்வளவு உகந்ததன்று.

எண்ணெய், சோளத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு போதும். தேங்காயெண்ணெய் எளிதில் காறாது. சுத்திகரித்ததாக இருந்தால் சூட்டையும் தாங்கும். பொட்டலத்துக்குக் காகிதமே உபயோகிக்க வேண்டும்; பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி முதல் இம்மாகாணத்தில் தடுக்கப்பட்டிருக்கின்றன.

விலை பேசுகையில், தம்முடைய சோளத்தையே கொண்டுபோய் மூன்று ஈடு தொடர்ந்து பொரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். முதல் ஈடு எந்த யந்திரத்திலும் தாமதமாகும். மூன்றாவது ஈட்டில் கருகல் இல்லையென்றால் சூட்டை அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக இருக்கிறதென்று கொள்ளலாம். சிவப்பு வர்ணமும் தங்க எழுத்தும் சோளத்தை வெடிக்கச் செய்வதில்லை. கிளறும் மோட்டாரும் சூட்டுக் கம்பியும் பழுதானால் திருநெல்வேலியிலாவது மதுரையிலாவது மாற்று உறுப்புக் கிடைக்குமா என்று கேட்டறிக. சீசனின் நடுவே பத்து நாள் யந்திரம் நின்றால் அவ்வருஷத்துக் கடன் தவணை நின்றதற்குச் சமம். 2020-ல் தொற்று நோய் காரணமாக அருவிகளும் கொட்டகைகளும் ஒருங்கே மூடப்பட்டிருந்த மாதங்களை நினைவிற் கொண்டு, முழு விலையையும் கடனாக வாங்காதிருப்பது மேல்.

சட்டியைத் தனியே கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கி, தினம் இரவில் சூடு தணிந்த பின் உட்புறத்தைத் துடைத்து வைக்க வேண்டும். ஒட்டிய எண்ணெய் மறுநாள் கருகி, புதுச் சோளத்துக்கும் கசப்பை ஏற்றும். மின் கம்பிகள் உள்ள சட்டியைத் தண்ணீரில் முக்குதல் கூடாது.